மகளைக் கேட்காமல் போட்ட வீடியோ

என் மகள் பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையானபோது அவளுடைய தகப்பன் கடலில் இருந்தார். சரக்குக் கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் கிடந்தது. வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீட்டு ஆண்கள் கப்பலில்தான். வீட்டில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவர்கள் போனில் பார்ப்பார்கள். என் இரண்டு அண்ணன்மாரும் கனடாவில் இருக்கிறார்கள். ஒருவருக்குத்தான் லீவு கிடைத்தது. ஆகவே சாமத்தியவீட்டுச் சடங்கு செய்வதென்று முடிவெடுத்த அன்றைக்கே, வீடியோவை நல்ல ஸ்ரூடியோ ஒன்றுக்குக் கொடுக்கவேண்டும் என்றும் நான் முடிவெடுத்துவிட்டேன். வர முடியாதவர்கள் பார்க்கவேண்டும். அதுதான் என் நினைப்பு. அதில் பிழை இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

நெல்லியடியில் ஒரு ஸ்ரூடியோவைப் பிடித்தோம். முதலாளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். சடங்குக்கு முதல் நாள் பின்னேரம் மகளைச் சேலை உடுத்திக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வள்ளங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "கொஞ்சம் சிரியுங்கோ தங்கச்சி" என்று ஸ்ரூடியோக்காரர் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். சிரி என்று நான் சைகை காட்டினேன். ஒரு அரைச்சிரிப்புச் சிரித்தாள்.

சடங்கு நன்றாக நடந்தது. இரண்டு கிழமை கழித்து, முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு அவித்த கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்ரூடியோக்காரர் போன் எடுத்தார். நான் முன்பள்ளி ஆசிரியை.

"அக்கா, வீடியோ முடிஞ்சுது. சின்னனா ஒரு நாலு நிமிசத்துக்கு வெட்டி எங்கடை பக்கத்திலை போடட்டோ? நல்லா வந்திருக்கு."

"ஓம் தம்பி, போடுங்கோ. எனக்கும் அனுப்பிவிடுங்கோ."

இவ்வளவுதான் கதைத்தோம். ஒரு கையில் கடலைச் சட்டி, மற்றக் கையில் போன். மகள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில். அவளிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் வீட்டில் நின்றிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

வீடியோவின் தொடக்கத்தில் அழைப்பிதழைக் காட்டுவார்கள். பூவும் மஞ்சளும் சுற்றி வைத்த அழைப்பிதழில் கமெரா மேலிருந்து கீழே மெல்ல இறங்கும். மகளின் முழுப்பெயர், எங்கள் இருவரின் பெயர், வீட்டு விலாசம், என் போன் இலக்கம். அந்த அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்க முதல் எழுத்துப்பிழை பார்க்க மூன்று தரம் வாசித்தவள் நான். வீடியோவில் அதைப் பார்த்தபோது எழுத்து வடிவாகத் தெரிகிறது என்றுதான் சந்தோசப்பட்டேன். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிற படம் ஒன்று வரும். அதற்கும் பிறகுதான் கடற்கரை.

நானும் அதை எடுத்து என் பக்கத்தில் போட்டேன். கனடா, லண்டன், பிரான்ஸ் என்று சொந்தக்காரர் எல்லாரும் பார்த்தார்கள். நாளுக்கு நாள் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. முன்பள்ளிக்கு வருகிற அம்மாமாருக்கும் காட்டினேன். கீழே கருத்து எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன். யாரென்றே தெரியாத ஆட்களுக்கும் எழுதினேன். "வடிவான பிள்ளை" என்று ஒரு ஊர் பேர் தெரியாதவன் எழுத, நான் இருதயப் படம் ஒன்றை அழுத்திவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மகள் ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று சொல்லத் தொடங்கினாள். முதலில் வயிற்றுக்குத்து என்றாள். பிறகு சைக்கிள் சரியில்லை என்றாள். சைக்கிளைக் கொண்டுபோய்ச் செய்வித்தேன். அதற்குப் பிறகும் போகவில்லை. பெரியபிள்ளையான பிறகு பிள்ளைகள் கொஞ்சம் மாறுவார்கள்தானே என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். அவள் கணக்கில் கெட்டிக்காரி. கூடக் கதைக்கமாட்டாள். வலைப்பந்து விளையாடிவிட்டு வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் ஓயாமல் கதைப்பாள். அதுவும் நின்றுபோனது.

அந்தக் கிழமைகளில் ஒரு நாள் என் போனுக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆம்பிளைக் குரல். மகளின் பெயரைச் சொல்லி, "நிக்கிறாவோ?" என்று கேட்டது. ரியூசன் ஆசிரியர் என்று நினைத்தேன்.

"ஓம், ஆர் கதைக்கிறது?"

"நான் வீடியோ பாத்தனான். ஒரு வாழ்த்துச் சொல்லத்தான்."

"எந்த இடம் நீங்கள்?"

கட் ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறு இலக்கத்தில் அதே குரல். நான் ஏசிவிட்டு வைத்தேன். அப்போதும் வீடியோவையும் மகளின் வயிற்றுக்குத்தையும் நான் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தது வேறு ஒரு அம்மா. மகளோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளையின் தாய். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. படலையைத் திறந்துகொண்டு வரும்போதே குரல் உயர்ந்துதான் இருந்தது.

"ரீச்சர், நீங்கள் ஊர்ப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறியள். உங்கடை பிள்ளை என்ரை பிள்ளையிட்டைப் படம் கேக்கிறா. 'உன்ரை படம் ஒண்டு அனுப்பு, ஒருத்தருக்கும் காட்டமாட்டன்' எண்டு. உதென்ன பழக்கம்?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினா. என் மகளின் பெயர். என் மகளின் முகம். கீழே அந்த வசனம்.

நான் மகளைக் கூப்பிட்டேன். அந்த அம்மாவுக்கு முன்னாலேயே வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் கையில் இருந்த, படிப்புக்கென்று வாங்கிக் கொடுத்த ரப் கணினியைப் பறித்தேன். கை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறேன் என்று ஆகிவிடும்.

"நான் இல்லை அம்மா" என்றாள். அழவில்லை. திரும்பவும் "நான் இல்லை" என்றாள்.

"உன்ரை படம் கிடக்கு, உன்ரை பேர் கிடக்கு. நீ இல்லாமல் ஆர்?"

"உந்தப் படம் என்னட்டை இல்லை. கடற்கரையிலை எடுத்தது. நீங்கள்தான் போட்டனீங்கள்."

பிறகு அவள் அந்த அம்மாவின் போனைக் கேட்டு வாங்கி, வந்திருந்த செய்திகளை எங்கள் இருவருக்கும் விரலால் காட்டினாள். "இதிலை 'என்ன செய்யிறாய்' எண்டு இல்லை, 'என்ன பண்ற' எண்டு கேட்டிருக்கு. நான் எப்பவாவது அப்பிடிக் கதைச்சனானோ? எங்கடை வகுப்பிலை ஆராவது அப்பிடிக் கதைக்கிறவையோ?"

படலையடியில் நின்ற அந்தப் பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள். "ஓம் ஆன்ரி. எனக்கும் அதுதான் சந்தேகமா இருந்தது. நான் ஒண்டும் அனுப்பேல்லை. அம்மாட்டைக் காட்டினனான்." அந்தப் பிள்ளை செய்தது எவ்வளவு சரியான காரியம் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. என் மகளின் பேரிலும் படத்திலும் வேறு யாரோ கணக்குத் திறந்து எழுதுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கும் அவளுடைய தாய்க்கும் விளங்கியது. அவவைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு மகள் ரப்பை என்னிடமிருந்து திரும்ப வாங்கினாள். "கணக்குப் பாடம்" என்று பெயர் வைத்திருந்த ஒரு கோப்பைத் திறந்தாள். உள்ளே கணக்கு ஒன்றும் இல்லை. ஸ்ரூடியோவின் பக்கத்திலும் என் பக்கத்திலும் வீடியோவுக்குக் கீழே ஆட்கள் எழுதியதை எல்லாம் படம் பிடித்து வைத்திருந்தாள். நான் முதல் நாலைந்து நாளோடு பார்ப்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே வந்து சேர்ந்தவை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி யாரும் எழுதக் கூடாதவை. நான் நன்றி எழுதிய முன்பின் தெரியாத ஆட்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். வீடியோவிலிருந்து சின்னத் துண்டு வெட்டிச் சினிமாப் பாட்டுப் போட்டு வேறு பக்கங்களிலும் விட்டிருந்தார்கள். இவள் ஒரு மாதமாக ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, இதை எடுங்கோ என்று முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக. நான் அடுப்படியில் நிற்க, அவள் அறைக்குள் இருந்து செய்திருக்கிறாள். ரியூசனுக்குப் போகிற வழியில் இரண்டு பெடியங்கள் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அதுதான் வயிற்றுக்குத்து.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் எல்லாருக்கும் சந்தோசமாக் காட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள்" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் தேத்தண்ணி எடுப்பித்தார். விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, எங்கடை பக்கத்திலை கூடப் பேர் பாத்தது உங்கடை வீடியோதான். அதைப் பாத்திட்டுத்தான் கன பேர் வாறவை. நான் ஒண்டு செய்யிறன், கொஞ்ச நாளைக்கு ஒளிச்சு வைக்கிறன்."

நான் சரி என்று சொல்லப்போனேன். அவரோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை. மகள்தான் குறுக்கே கதைத்தாள். "ஒளிக்க வேண்டாம் அண்ணை. அழியுங்கோ. அதிலை நிக்கிறது நான்."

அவர் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சடங்கு நாள் முழுக்கக் கமெராவுக்குள்ளால் பார்த்த ஆள். கணினியைத் திருப்பி எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தார். அழைப்பிதழ் தெரிகிற படங்களையும் தேடி எடுத்தார். வெளியே வரும்போது, "எனக்கும் ஒரு மகள் இருக்கிறா அக்கா, மூண்டு வயசு" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு பொலிசுக்குப் போனோம். அந்தப் படியேற எனக்கு விருப்பமே இல்லை. பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போனாளாம் என்று ஊரில் கதை வரும் என்று பயம். வெளியே மதிலோடு பத்து நிமிசம் நின்றோம். மகளும் என்னோடு நின்றாள். போன் அழைப்புகளை நினைத்ததும் உள்ளே போனேன். எங்கள் வீட்டு விலாசம் அவனிடம் இருக்கிறது. வீட்டில் ஆம்பிளை இல்லை.

சிறுவர், பெண்கள் பிரிவில் இருந்தவர் கிளிநொச்சிப் பக்கத்துப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். ஸ்ரூடியோவின் பக்கத்திலும் என் பக்கத்திலும் வீடியோவை அழித்துவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொல்ல, அவர் பேனையை வைத்தார்.

"அக்கா, அழிக்கிறதுக்கு முதல் எல்லாத்தையும் எடுத்து வைக்கவேணும். இல்லாட்டி எங்களிட்டைக் காட்டுறதுக்கு ஒண்டும் இராது."

"நான் எடுத்து வச்சிருக்கிறன்" என்றாள் மகள்.

அதை எல்லாம் கடுதாசியில் எடுத்து வரச் சொன்னார்கள். றோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கொமியூனிகேசன் கடையில் அச்சடிக்கக் கொடுத்தோம். தாள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைக்காரர் வாசிக்கக் கூடாதென்று நான் மெசினுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் நல்ல மனிதர், வேறு பக்கம் திரும்பிப் போன் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் அந்த அஞ்சு நிமிசம் போல வெட்கப்பட்ட நேரம் எனக்கு வேறு இல்லை. தாள்களை வாங்கிக்கொண்டு அந்தப் பொலிஸ் பிள்ளை என் மகளைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, இதிலை நீங்கள் செய்த பிழை ஒண்டும் இல்லை. விளங்குதோ?" மகள் அதற்குத்தான் அழுதாள். மூன்று நாளாக அழாத பிள்ளை. அந்த வசனத்தைச் சனிக்கிழமையே நான் சொல்லியிருக்கவேண்டும்.

எனக்குப் போன் எடுத்த ஆளைப் பொலிஸ் கண்டுபிடித்தது. வேறு மாவட்டத்தில் ஒரு கடையில் நிற்கிறவனாம். கூப்பிட்டு எச்சரித்து எழுதி வாங்கினார்களாம். போலிக் கணக்கு நடத்தியதும் அவன்தானா என்று கேட்டேன். அது உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார்கள். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கணக்கு போனது பொலிசால் அல்ல. மகளின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் அதன்மேல் முறைப்பாடு அழுத்தினார்கள். அதை ஒழுங்கு செய்தது, அன்றைக்குத் தாயோடு எங்கள் படலையில் நின்ற அதே பிள்ளை. ஒரு கிழமைக்குள் கணக்கு காணாமல் போனது. வெட்டி எடுத்த துண்டுகளில் இரண்டை எடுத்துவிட்டார்கள். ஒன்று கனகாலம் கிடந்தது. இப்போதும் எங்காவது கிடக்கலாம். நான் தேடுவதில்லை. அவள் தேடுகிறாளோ தெரியாது.

கப்பல் துறைமுகத்துக்கு வந்த ஒரு ஞாயிறு பின்னேரம் கணவர் போன் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆர் அவன்?" என்றார் முதலில். பிறகு, "இஞ்சேர், அந்த ரப்பை வாங்கி வை. இனி அவளுக்கு உதொண்டும் வேண்டாம்" என்றார்.

"ரப் ஒண்டும் செய்யேல்லை" என்றேன். "போட்டது நான்."

அவர் மெல்ல, "நானும் கப்பல்காரர் எல்லாருக்கும் அனுப்பினனான். ஆர் ஆருக்கு அனுப்பினவையோ" என்றார். மகள் போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அவர்கள் கதைத்ததில் ஒரு வசனம் மட்டும் எனக்குக் கேட்டது: "உங்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் காணும்தானே அப்பா."

அந்தக் கிழமை என் பக்கத்தில் கிடந்த அவளுடைய படங்களை எல்லாம் எடுக்கத் தொடங்கினோம். அவள் பிறந்த நாளிலிருந்து போட்டு வந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற மாதிரியே எல்லாம் கிடந்தன. அதை மாற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் கதிரை போட்டு இருந்து அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். "இது இருக்கட்டும். இது வேண்டாம். இது மாமாமார் மட்டும் பாக்கட்டும்." மூன்று பின்னேரம் எடுத்தது. ஒரு வயதில் கிணற்றடியில் வைத்துக் குளிக்க வார்க்கிற படம் ஒன்று வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஆர் ஆர் அம்மா பாத்தவை?"

"தெரியாது பிள்ளை" என்றேன். அவளே அழித்தாள்.

முன்பள்ளியிலும் எங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. விளையாட்டுப் போட்டி, கலைவிழா, வாணிவிழா எல்லாம் அதில் போடுவோம். பிள்ளைகளின் நெஞ்சில் பெயர் எழுதிய அட்டை குத்தியிருக்கும். இனிப் போடுவதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். என் மகளுக்கு நடந்ததை அவளைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். சிலர் உடனே சரி என்றார்கள். ஒரு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரீச்சர், என்ரை பிள்ளையின்ரை தகப்பன் கட்டார்லை நிக்கிறார். பிள்ளை நடனம் ஆடினதை அவர் எப்பிடிப் பாக்கிறது?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. அதே கேள்வியோடுதான் நானும் ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் அந்தந்தத் தாய்க்கு மட்டும் தனித்தனியாக அனுப்புகிறேன் என்றேன். அனுப்புகிறேன்தான். கலைவிழா முடிந்தால் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற படங்களை என்ன செய்வதென்று இன்னும் எனக்குச் சரியான வழி தெரியவில்லை. போன வருசம் நான் மைக்கில் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இருந்த ஒருவர் முழுக்க நேரலையில் விட்டார். அவரோடு பிறகு தனியாகக் கதைத்தேன். எடுத்துவிட்டார், ஆனால் இப்போது என்னைக் கண்டால் கதைப்பதில்லை.

மகள் ஒரு மாதம் என்னோடுதான் ரியூசனுக்குப் போனாள். நான் சைக்கிளில் பின்னால் போவேன். பிறகு ஒரு நாள் "காணும் அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் போவம்" என்று அந்தத் தோழியோடு போகத் தொடங்கினாள். வலைப்பந்துக்குத் திரும்பிப் போக இன்னும் கன நாள் எடுத்தது. இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. சொந்தப் போன் இருக்கிறது. அதில் என்ன செய்கிறாள் என்று முழுக்க எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். சொல்கிற தாய்மாரை நான் நம்புவதும் இல்லை.

போன மாதம் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, "அம்மா, ஒருத்தன் எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். முதல் படிப்பைப் பற்றித்தான் கதைச்சவன். இப்ப கதை வேறை மாதிரிப் போகுது" என்றாள். "நீ ஏன் அவனோடை" என்று வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்கினேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் வந்து இருந்து, முதல் செய்தியிலிருந்து வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.